இன்னும் ஆறவில்லை

மார்பில் வாங்கிய புண் வீரனுக்கு அணிகலன். அதற்கு விழுப்புண் என்று பெயர். முதுகில் வாங்கியது புறப்புண். அது பட்டுவிட்டதே என்று நாணி, சோறு தண்ணீரைத் துறந்து உயிர்விட்ட மன்னர்கள் நம் மரபில் உண்டு. முதுகுக்கும் ஒரு சாண் கீழே புண் பட்ட மன்னனைப் பற்றி மட்டும் எந்தப் புலவரும் பாடி வைக்கவில்லை. ஆகவே ஆணையருக்கு வழிகாட்ட ஆளில்லாமல் போயிற்று.

அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாள். டாக்டர் தலைமாட்டில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தாயிற்று, தையல் போடவில்லை, உள்ளேயிருந்து சதை வளர்ந்து தானாக மூட வேண்டும், அதுவரை தினமும் கழுவி, துணி திணித்து, கட்டு மாற்ற வேண்டும்.

"வீட்ல யார் இருக்காங்க? யார் பார்த்துப்பாங்க?"

"நானே பார்த்துப்பேன்," என்றார் ஆணையர், தலையணையிடம்.

"எப்படி சார் பார்ப்பீங்க? கழுத்து அவ்வளவு தூரம் திரும்பாதே."

பதில் சொல்லக்கூடிய கோணத்தில் ஆணையர் இல்லை.

ஆணையர் என்றால் முழு ஆணையர் அல்ல. குடிநீர் வாரியத்தில் உதவி ஆணையராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாள் கைக்கடிகாரத்தையும் கைகுலுக்கல்களையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியபோது, 'உதவி' என்ற சொல்லை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வந்தார். தெருவும் பெரிய மனது பண்ணி அவரை ஆணையர் என்றே கூப்பிட்டது. அன்றிலிருந்து அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்பது உதவி ஆணையர்கள் செய்யும் வேலை.

கேட்காமலே அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மனைவி வீட்டுக்கு வர வேண்டும்.

அவள் மகன் ஊரில் இருந்தாள். மருமகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தபோது மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். குழந்தைகள் குப்புற விழுந்தன, தவழ்ந்தன, நடந்தன, இப்போது ஓடுகின்றன, அவள் திரும்பவில்லை. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். ஓடும் குழந்தைகளைத் துரத்த ஒரு ஆள் வேண்டுமே.

ஒருமுறை அவரே அங்கே போய்ப் பார்த்தார். அவருக்குக் கூடத்து சோபா. அவளுக்குக் குழந்தைகள் அறை. கணவனும் மனைவியும் தனியாக நாலு வார்த்தை பேசக் கிடைத்த இடம், துணி காயப்போடும் பால்கனி மட்டும்தான். ஈர வேட்டிக்கும் குழந்தைச் சட்டைகளுக்கும் நடுவே நின்றுகொண்டு, 'நம்ம வீட்டுக்குப் போயிடலாமா?' என்று கேட்க வாயெடுத்தார். "இந்த கிளிப் நல்லா கெட்டியா இருக்கே," என்று வந்தது. அவளும் ஒரு கிளிப்பைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, ஆமாங்க என்றாள். மறுநாள் அவர் ஊர் திரும்பிவிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வீடியோ போன். அவளுக்குப் போனை முகத்துக்கு நேரே பிடிக்க வராது. பேச்சு என்றால் காதில் வைத்துத்தான் பேச வேண்டும் என்பது அவள் கொள்கை. ஆகவே ஆணையர் தினமும் பார்த்தது ஒரு காது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கவனிக்காத காது. மடலில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நரைத்த முடி ஒன்று எப்போதும் விலகி நின்றது. அதை எடுத்துச் செருகிவிட வேண்டும் போல இருக்கும். திரையைத் துடைப்பதுபோல ஒருதரம் விரலால் தடவிப் பார்த்தார். அழைப்பு அறுந்து போனது.

இப்படி இருக்கும்போதுதான் கட்டி வந்தது. வலது பக்கம், உட்காரும் இடம். ஆபரேஷன் என்றதும் அவருக்குப் பயத்தோடு கூடவே ரகசியமாக ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. கட்டின மனைவியைத் தவிர யாரிடமும் காட்ட முடியாத இடம். ஒரு கட்டிக்கு இவ்வளவு நல்ல புத்தி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"சின்ன ஆபரேஷன்தான். நீ ஒண்ணும் வர வேண்டாம்," என்று அவளிடம் சொன்னார். வர வேண்டாம் என்றால் பதறிக்கொண்டு வருவாள் என்பது கணக்கு. அவர் செய் என்றதைச் செய்யாமலும், வேண்டாம் என்றதைச் செய்துமே குடும்பத்தை நடத்தி வந்தவள் அவள். அந்த ஒரு தடவை மட்டும் பேச்சைத் தட்டவில்லை. மகன்தான் வந்தான். ஆபரேஷன் முடிந்த கையோடு லீவு இல்லை என்று கிளம்பிவிட்டான்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் காது கேட்டது: "கட்டு யாருங்க மாத்துறாங்க?"

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு," என்றார் ஆணையர். சொல்லிவிட்டுக் காத்திருந்தார். 'என்ன ஏற்பாடு, யாரு, சுத்தமா செய்வாங்களா, நான் வந்துடறேன்' என்று வரிசையாக வரப்போகும் வாக்கியங்களுக்கு இடம் விட்டுக் காத்திருந்தார்.

"சரிங்க," என்றது காது.

ஏற்பாடு என்று சொல்லியாகிவிட்டது, செய்தாக வேண்டும். அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, சவரக் கண்ணாடியைக் கையில் பிடித்து, ஒன்றின் வழியாக மற்றொன்றைப் பார்த்தார். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும் என்ற பள்ளிக்கூட அறிவு அவரிடம் பத்திரமாக இருந்தது. அதை நம்பி, தெரிந்த பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கத்தில் மருந்தைத் தடவி, பஞ்சு வைத்து, பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினார். துளி வலி இல்லை. ஆஸ்பத்திரி நர்சுகளுக்குக் கை அவ்வளவு பதமில்லை என்று தோன்றியது.

ஆனால் உட்கார மட்டும் முடியவில்லை. வாசலில் நின்றபடி பேப்பர் படித்தார். அதை எதிர்வீட்டு டிரில் மாஸ்டர் பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து ஓய்வு பெற்றவர் அவர். தானாக நிற்கும் மனிதரைக் கண்டதும் வியந்து தெருவைத் தாண்டி வந்தார். என்ன சார் ஆபரேஷன் என்றார்.

உள்ளதைச் சொல்லியிருக்கலாம். ஆணையர் வானத்தைப் பார்த்தார். "முதுகுத்தண்டுல... சின்னதா," என்றார். கௌரவத்துக்காக ஒரு சாண் மேலே ஏற்றிச் சொன்னார். அவ்வளவுதான் அவர் செய்த பிழை.

தண்டு என்ற சொல் தெருவில் தீயாகப் பரவியது. பொழுது சாய்வதற்குள் டிரில் மாஸ்டர் நாலு பேரோடு வந்து, முதுகுத்தண்டுக்கு மெத்தை எமன் என்று அறிவித்து, ஆணையரின் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பதிலாக ஒரு பலகை வந்தது. சாய்வு நாற்காலி போய், சட்டம் வைத்த மர நாற்காலி வந்தது. "நிமிர்ந்து உட்காரணும் சார். வளைஞ்சீங்கன்னா வாழ்நாள் பூரா வளைஞ்சுதான்," என்று சொல்லி, தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

ஆணையர் உட்கார்ந்தார்.

நலம் விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள்; அவர் எழுந்திருக்க முயன்றபோதெல்லாம் மரியாதைக்காக எழுகிறார் என்று நினைத்து, பாசத்தோடு அழுத்தி உட்கார வைத்தார்கள். அவர் கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. ஆணையருக்குள்ளே இவ்வளவு இளகின மனசா என்று தெரு நெகிழ்ந்தது.

நெகிழ்ந்த டிரில் மாஸ்டர் மகனுக்குப் போன் போட்டு, தெருவே உங்க அப்பாவைத் தாங்குது, வீட்டிலிருந்து யாரும் வரத் தேவையில்லை என்று உறுதி கொடுத்தார். ஆணையர் நாற்காலியில் இருந்தபடியே அதைக் கேட்டார். எந்த வலி அதிகம் என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மகனுக்குத் தெருவின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீட்டுக்கே வந்து கட்டு மாற்றும் ஒரு கம்பெனியில் சொல்லி வைத்தான். மறுநாள் காலை வாசலில் வெள்ளை உடுப்போடு ஒரு நர்சம்மா நின்றாள். மருமகள் வயது இருக்கும். கையில் பெட்டி, முகத்தில் புன்னகை.

"பேஷண்ட் இருக்காருங்களா?"

ஆணையர் கதவைப் பாதி மூடினார். "வெளிய போயிருக்கார்."

"ஆபரேஷன் ஆனவரா? எங்க போனார்?"

"நடக்க."

"எப்ப வருவார்?"

"சொல்லிட்டுப் போற பழக்கம் அவருக்குக் கிடையாது," என்றார், கொஞ்சம் பெருமையோடு.

நர்சம்மா குனிந்து அவர் நிற்கும் தினுசைப் பார்த்தாள். வேட்டிக்குள் ஒரு பக்கம் மட்டும் பஞ்சு புடைத்துக்கொண்டிருந்தது. பெட்டியோடு திரும்பிப் போய்விட்டாள். போனவள், பேஷண்ட் நடக்கப் போயிருக்கிறாராம் என்று கம்பெனிக்குச் சொன்னாள். கம்பெனி மகனுக்குச் சொன்னது. மகன் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னான். அன்று சாயங்காலம் காது, "தனியா வாக்கிங் எல்லாம் போறீங்களாமே," என்றது.

"ஆமா. நல்லா இருக்கேன்."

"அப்ப நான்..." என்று ஆரம்பித்தது. பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது. இன்னொன்று எதையோ உடைத்தது. "இல்ல, ஒண்ணுமில்லைங்க. நல்லா இருந்தா சரி."

அந்த 'அப்ப நான்' என்பதற்குப் பிறகு என்ன வந்திருக்கும் என்று ஆணையர் பலகையில் படுத்து யோசித்தார். அப்ப நான் வரட்டுமா? அப்ப நான் வைக்கட்டுமா? இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றுதான். கட்டிலில் அவள் படுக்கும் பாதியில் பழைய பேப்பர்கள் அடுக்கியிருந்தன. இடம் காலியாகக் கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று அவரே அடுக்கியவை. பலகை வந்தபோது, அந்தப் பாதியை மட்டும் தொடாதீர்கள் என்று டிரில் மாஸ்டரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டொரு நாளில் காய்ச்சல் வந்தது. டாக்டரிடம் போய்க் குப்புறப் படுத்தார். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, "சார், உங்க இடது பக்கம் ரொம்ப ஆரோக்கியமா இருக்கு. அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய கட்டு?" என்றார். வலது பக்கம் ஆஸ்பத்திரியில் போட்ட பழைய கட்டோடு, கவனிப்பாரற்றுக் கிடந்தது.

டாக்டர் இனிமேல் ஆணையரை நம்பத் தயாராக இல்லை. ஆஸ்பத்திரியிலேயே காலமெல்லாம் கட்டுப் போட்டு ஓய்வு பெற்ற ஒருவரைத் தினமும் வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். வீட்டில் பொறுப்பானவர் ஒருவருடைய நம்பர் வேண்டும் என்றார். ஆணையர் மனைவியின் நம்பரை, மூச்சு விடாமல், மனப்பாடமாகச் சொன்னார்.

கட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்தார். கைகள் வேலை செய்ய, வாய் ஊர்க்கதை பேசும். வெட்கப்பட்டுக்கொண்டு படுத்த ஆணையரைத் தன் வழியில் தேற்றினார். "பெரிய மனுஷங்களுக்கெல்லாம் அங்கதான் சார் வரும். நாற்காலி ராசி. இதைவிடப் பெரிய இடமெல்லாம் பார்த்திருக்கேன்."

காய்ச்சல் விட்டது. ஆனால் வேறொன்று நடந்தது. மகனுக்கு டாக்டர் சிநேகிதன் ஒருவன் உண்டு. அவனிடம் காட்ட, புண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். கட்டுக்காரர் ஆணையரின் போனிலேயே எடுத்து, எதற்கு அனுப்புவது என்று தேடி, 'குடும்பம்' என்று ஒன்று இருக்கவே அதற்கு அனுப்பினார். குடும்பம் என்பது நாற்பது ஐம்பது பேர் அடங்கிய குழு. சூரிய உதயமும் பூக்களும் காலை வணக்கமும் வரும் குழு. ஆணையர் எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு பார்ப்பதற்குள் சம்பந்தி கட்டை விரலை உயர்த்திவிட்டார். சம்பந்தியம்மா கைகூப்பியிருந்தாள். கண்ணாடி போடாமல் பார்க்கும் ஒன்றுவிட்ட மச்சான், 'அருமையான காட்சி. எந்த ஊர்?' என்று கேட்டிருந்தார்.

அன்றோடு படம் எடுப்பது தடை செய்யப்பட்டது. இனிமேல் புண்ணின் நிலவரம் வாய்வார்த்தையாக மட்டும், கட்டுக்காரர் போனிலிருந்து, ஆணையரின் மனைவிக்கு மட்டும் போக வேண்டும் என்று உத்தரவாயிற்று.

கட்டுக்காரர் உத்தரவை மீறவில்லை. தினமும் கட்டு மாற்றிவிட்டு, வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு பேசுவார். உள்ளே பலகையில் குப்புறக் கிடக்கும் ஆணையருக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும், வார்த்தை கேட்காது. அந்தப் பேச்சு நாளுக்கு நாள் நீண்டது. தன் சாயங்காலப் பேச்சைவிட அது நீளம் என்பது ஆணையருக்குத் தெரிந்தபோது, ஆறு மாதக் குழந்தையைப்போல அழ வேண்டும் போல இருந்தது. தன் பின்பக்கத்தைப் பற்றி ஒருத்தர் தன் மனைவியிடம் தன்னைவிட அதிகம் பேசுகிறார்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று மறுநாள் கேட்டார்.

"விசாரிச்சாங்க சார்."

"எதை?"

"எல்லாத்தையும்தான். என்ன சாப்பிடுறார், எங்க படுக்குறார், சட்டையில பட்டன் இருக்கான்னு."

ஆணையர் தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். "பட்டன் இருக்குன்னு சொல்லிட்டீங்களா?"

"இல்லைன்னுதானே சார் சொல்ல முடியும்?"

அதற்குப் பிறகு ஒரு பேச்சே நிலையாயிற்று. கட்டைப் பிரிப்பார், பார்ப்பார், 'உம்' என்பார். எப்படி இருக்கு என்று ஆணையர் கேட்பார். "இன்னும் ஆறலை சார்." மறுநாளும் அதே. அதற்கு மறுநாளும். இதற்குள் மர நாற்காலியில் ஒரு முழுப் பேப்பரையும் உட்கார்ந்தே படிக்க முடிந்தது ஆணையரால். வலி இல்லாததைத் தம் மன உறுதியின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

ஆறவில்லை என்பது அவரை இரண்டு விதமாகப் பிடித்து ஆட்டியது. ஆறாத புண் என்றால் பயம். ஆறிவிட்டால் அதைவிடப் பயம். அப்புறம் எதைச் சொல்லி அவளை வரவழைப்பது? இந்த வயதில் ஒரு மனிதன் மனைவியிடம் 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை' என்று வாய்விட்டுச் சொல்வதற்கு, குறைந்தபட்சம் ஒரு புண்ணாவது வேண்டாமா?

ஒரு நாள் முழுக்க யோசித்து, கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வாக்கியத்தைத் தயார் செய்தார். முப்பது வருஷ அலுவலகப் பழக்கம், சும்மா விடுமா? 'தங்கள் வருகை இத்தருணத்தில் விரும்பத்தக்கதாகக் கருதப்படுகிறது' என்று வந்தது. யார் கருதுகிறார்கள் என்ற கேள்வி எழும் என்று அதை அடித்தார். 'வந்தால் நலம்' என்று சுருக்கினார். நலம் என்றாலும் ஏதோ கடிதம் மாதிரி இருந்தது. கடைசியில் வாரியத் தமிழையெல்லாம் கழற்றி எறிந்ததில் ஒரே ஒரு எழுத்து மிஞ்சியது. வா. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். வாய் நன்றாகவே திறந்தது.

சாயங்காலம் போன் வந்தது. காது வந்தது. மச்சம், நரை முடி, எல்லாம் வந்தன. ஆணையர் வாயைத் திறந்தார்.

"இங்க மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார்.

"இங்கயும்தாங்க," என்றாள்.

இரண்டு ஊரிலும் வானம் பளிச்சென்று இருந்தது.

வார இறுதியில் மகன் கூப்பிட்டான். குரலில் சலிப்பு. புண் ஆறவே இல்லை என்று கட்டுக்காரர் தினமும் சொல்கிறாராம். இப்படியே விட்டால் என்ன ஆகும் என்று அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாளாம். குழந்தைகளைப் பகல் காப்பகத்தில் சேர்த்தாயிற்றாம். மருமகளுக்கு வருத்தம்தான், ஆனால் என்ன செய்வது. "அம்மாவை ரயில் ஏத்தி விடறேன்ப்பா. புண் ஆறுற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

"எதுக்குடா அவளை அலைக்கழிக்கிறே?" என்று ஆணையர் கண்டித்தார். கண்டித்துவிட்டுப் போனை வைத்த கையோடு, கட்டிலில் இருந்த பழைய பேப்பர்களை எடுத்துக் கட்டி வெளியே போட்டார். குனிந்தார், நிமிர்ந்தார், தூக்கினார். எந்த நோயாளியும் செய்யக் கூடாத வேலை அத்தனையும் செய்தார். கடைசியில் சட்டைக்குப் பட்டன் தைக்கப் பார்த்து விரலில் குத்திக்கொண்டார். பட்டனில்லாத சட்டையே இருக்கட்டும், அவள் தைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அவள் ஒரு பெட்டியும் ஒரு பையுமாக ஆட்டோவிலிருந்து இறங்கினாள். முகம் முழுவதுமாக இருந்தது. இத்தனை நாள் காதாக மட்டும் பார்த்துப் பழகியதில் ஆணையருக்குக் கொஞ்சம் திகைப்பாகப் போயிற்று. இரண்டு கண், ஒரு மூக்கு, இன்னொரு காதுகூட இருந்தது.

"எதுக்கு வந்தே?" என்றார்.

"வர வேண்டாம்னா போயிடறேன்," என்று சொல்லிக்கொண்டே அவரைத் தாண்டி உள்ளே போனாள். பலகையைப் பார்த்தாள். மர நாற்காலியைப் பார்த்தாள். தெருவுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்த்து, மெத்தை எங்கே என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். டிரில் மாஸ்டரே தலையில் சுமந்துகொண்டு வந்து போட்டுவிட்டு, முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

பிறகு அவர் எதிரில் வந்து நின்றாள். பட்டனில்லாத இடத்தைப் பார்த்தாள். "இளைச்சுட்டீங்க," என்றாள்.

"நீயும்தான்." அந்த நரை முடி அப்போதும் விலகித்தான் நின்றது. ஆணையர் கையைக் கொஞ்சம் தூக்கினார். பாதி வழியில் அது தன் தலையைச் சொறிந்தது. "ரொம்ப ஆழமான புண்ணு. லேசுல ஆறாதாம். ரெண்டு மூணு மாசம்கூட ஆகலாம்," என்றார்.

"ஆகட்டும்," என்றாள் அவள், வெகு நிதானமாக. "நான் எங்க போகப் போறேன்?"

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கட்டுக்காரர் பெட்டியோடு உள்ளே வந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்து, பெட்டியைத் திறக்காமலே கீழே வைத்தார்.

"வந்துட்டீங்களாம்மா? அப்ப இனிமே கட்டு வேண்டாமில்ல? புண்ணு போன வாரமே ஆறிடுச்சு. நீங்க வர்ற வரைக்கும் ஒட்டச் சொன்னீங்களேன்னுதான் வெறும் பஞ்சை வெச்சு ஒட்டிட்டு இருந்தேன்."